வழுவும் வழாநிலையும்: ஈரச்சாலை குறித்துச் சில எண்ணங்கள்

பிழை என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகாமல், நம் இலக்கணிகள் அதற்கு 'வழு' என்று ஏன் பெயரிட்டார்கள்? வழுவுதல் என்றால் நழுவுதல், சறுக்குதல். நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் சொல் வழுக்கிப் போவது வழு. வழுக்காமல் நிற்பது வழாநிலை. வழுக்கியதுதான், ஆயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளத் தக்கது என்றால் அது வழுவமைதி. 'இழுக்கு' என்னும் சொல்லும் இத்தகையதே. இன்று அதனை அவமானம் என்ற பொருளில் மட்டுமே வழங்குகிறோம். வள்ளுவரோ கேள்வி அதிகாரத்தில் வழுக்கு நிலத்தை 'இழுக்கல்' என்றே குறிக்கிறார். ஒழுக்கமுடையோரின் வாய்ச்சொல்லை அந்நிலத்தில் ஊன்றும் கோலுக்கு ஒப்பிடுகிறார்.

வரப்பிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடந்த மக்களின் மொழி இது. கால் எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது என்பது அவர்களுக்கு உள்ளங்கால் சொன்ன செய்தி. காரில் அமர்ந்து செல்லும் நமக்கோ அந்த உள்ளங்கால் இல்லை. கண்ணாடிக்கு வெளியே மழை பெய்கிறது, உள்ளே இசை ஒலிக்கிறது, இருக்கை மெத்தென்றிருக்கிறது. நம்மைத் தாங்கும் ரப்பர் சாலையை எவ்வளவு பற்றியிருக்கிறது என்பதை அறிவதற்கான புலன் நம்மிடம் இல்லை. அந்தப் பற்று அற்றுப்போகும் கணத்தில்தான் அது இதுவரை இருந்தது என்பதே தெரிய வருகிறது. இக்கட்டுரை அந்தப் பற்றைப் பற்றியது. தமிழ் படித்தவர்களுக்கு டயரில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மழைக்காலத்தில் பிள்ளைகளை வண்டியேற்றி அழைத்துச் செல்லும் பொறுப்பு தமிழ் படித்தவர்களுக்கும் வாய்க்கிறது என்பதே நமது விடை.

*

காரைச் சாலையோடு பிணைத்து வைத்திருப்பது எது என்று கேட்டால் பலரும் பிரேக் என்பார்கள். சிலர் ஸ்டியரிங் என்பார்கள். பிரேக் சக்கரத்தை நிறுத்துமேயன்றிக் காரை நிறுத்தாது. ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்புமேயன்றிக் காரைத் திருப்பாது. நிறுத்துவதும் திருப்புவதும் டயருக்கும் சாலைக்கும் இடையே நிகழும் உராய்வின் வேலை.

அந்த உராய்வு நிகழும் இடத்தின் அளவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 1,200 கிலோ எடையுள்ள காரின் நான்கு டயர்களில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 கிலோவைச் சுமக்கிறது. உள்ளே 32 பி.எஸ்.ஐ. அளவு காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க அது தரையைத் தொட வேண்டிய பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். அதாவது ஓர் உள்ளங்கையின் அளவு. நான்கு டயர்களையும் கூட்டினாலும் தேர்வுத்தாளுக்கு நாம் பயன்படுத்தும் ஓர் ஏ4 தாளின் பரப்பை எட்டாது. ஒரு குடும்பம் முழுவதையும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சாலையோடு இணைத்து வைத்திருப்பது ஒரு தாளினும் சிறிய அந்த இடமே.

அவ்விடத்தில் ரப்பர் இருவகையில் சாலையைப் பற்றுகிறது. முதலாவது, ஒட்டுதல். தூய உலர்ந்த பரப்பில் ரப்பரும் கல்லும் மிக நெருங்கித் தொடும்போது மூலக்கூறு அளவில் ஓர் ஈர்ப்பு உண்டாகிறது. இரண்டாவது, உருமாற்றம். தார்ச்சாலை நம் கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும் அது சிறு சிறு கற்களின் கூர்முனைகளால் ஆனது. அம்முனைகளின்மேல் ரப்பர் அமுங்கி, அவற்றின் வடிவை ஏற்று, பின் மெதுவாகத் தன் நிலைக்கு மீள்கிறது. மெதுவாக மீள்வதால் ஆற்றல் வெப்பமாகச் செலவாகிறது. அச்செலவே எதிர்விசையாக நின்று காரைப் பிடிக்கிறது.

மழைநீர் வந்து இடையில் புகுந்தால் முதல் வகைப் பிடி பெரும்பாலும் போய்விடுகிறது. மிக மெல்லிய நீர்ப்படலம் போதும், ரப்பர் கல்லை நேரடியாகத் தொட இயலாது. எஞ்சுவது இரண்டாம் வகை மட்டுமே. கற்களின் முனைகள் கூராக இருந்தால் அவை படலத்தைக் கிழித்து ரப்பரைத் தொடும். ஆண்டுக்கணக்கில் வண்டிகள் ஓடித் தேய்ந்து மழுங்கிய சாலையில் அதுவும் குறைவு. வெள்ளைக்கோடு தீட்டிய இடம், பாலங்களின் இரும்பு இணைப்பு, நிழலில் பாசி படிந்த வளைவு ஆகியவை ஈரத்தில் மிகவும் வழுக்குவது இதனாலேயே. நெடுநாள் வறட்சிக்குப் பின் வரும் முதல் தூறல் பெருமழையைவிடக் கொடியது என்று ஓட்டுநர்கள் கூறுவதிலும் உண்மை உண்டு. சாலையில் படிந்திருந்த எண்ணெயும் புழுதியும் சிறிதளவு நீரில் குழைந்து வழவழப்பான கூழாகின்றன. அதனைக் கழுவிச் செல்ல மழை இன்னும் சற்றுப் பெய்தாக வேண்டும்.

கார்ப் பந்தய வீரர்கள் இதனை நன்கறிவர். உலர்ந்த நாளில் எல்லாரும் ஓட்டும் தடத்தில் ரப்பர் படிந்து மெருகேறியிருக்கும்; மழை பெய்தால் அத்தடமே முதலில் வழுக்கும். ஆதலின் மழையில் அவர்கள் வழக்கமான தடத்தை விட்டு விலகிச் சொரசொரப்பான இடத்தைத் தேடிச் செல்வார்கள். 1993 ஏப்ரலில் இங்கிலாந்தின் டோனிங்டன் பார்க்கில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரியில் அயர்டன் சென்னா நான்காம் இடத்தில் தொடங்கி, ஐந்தாம் இடத்துக்குப் பின்தங்கி, ஈரமான முதல் சுற்று முடிவதற்குள் முதலிடத்தை அடைந்தார். எல்லாருக்கும் ஒரே மழைதான் பெய்தது. பிடி எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதை அறிவதில்தான் வேறுபாடு. அத்தகைய அறிவு நமக்கு வாய்க்காது என்பதை ஏற்றுக்கொள்வதே சாலையில் செல்லும் நம்போன்றோர்க்கு அறிவுடைமை.

*

இனி எண்களால் சிறிது பேசலாம். பிடியின் அளவை உராய்வுக் குணகம் என்ற எண்ணால் குறிப்பது பள்ளிப் பாடம். உலர்ந்த நல்ல சாலையில் அது சுமார் 0.8 என்று கொள்ளலாம். நனைந்த சாலையில், டயரும் சற்றுத் தேய்ந்திருந்தால், 0.4 வரை இறங்கலாம். பாதியாகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். அந்தப் பாதி என்ன செய்யும் என்று பார்ப்போம்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் உலர்ந்த சாலையில் பிரேக் அடித்தபின் சுமார் 31 மீட்டரில் நிற்கும். ஈரச்சாலையில் அதற்கு 63 மீட்டர் வேண்டும். கண் கண்டு கால் மிதிக்கும் அந்த ஒரு வினாடியில் கார் ஓடிவிடும் 22 மீட்டரை இரண்டிலும் கூட்டிக்கொள்ள வேண்டும். நம்மை உலுக்கியது இன்னொரு கணக்கு. உலர்ந்த சாலையில் கார் முற்றிலும் நின்றிருக்கும் அந்த 31ஆம் மீட்டரில், ஈரச்சாலைக் கார் எவ்வளவு வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்? பாதி தூரம்தானே கடந்திருக்கிறது, ஆகவே வேகமும் பாதியாகி 40 ஆகியிருக்கும் என்று மனம் சொல்லும். அப்படியன்று. அது அப்போதும் ஏறத்தாழ 57 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். நாளும் செல்லும் சாலையில், நாளும் பிரேக் அடிக்கும் இடத்தில், நேற்று நின்ற கார் இன்று 57 கி.மீ. வேகத்தில் முன்வண்டியின் முதுகில் மோதுகிறது. ஓட்டுநர் அதே ஓட்டுநர். கால் அதே கால். நேற்றைய பழக்கமே இன்று பகையாகிவிட்டது.

வளைவில் இக்கணக்கு வேறு உருக்கொள்கிறது. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை, சாலையின் சாய்வைக் கருதாமல், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடக்க 0.21 அளவு பிடி வேண்டும். 30 கி.மீ. வேகத்திலோ 0.47 வேண்டும். வெயில் நாளில் இரண்டும் எளிது. மழைநாளில் 0.4 மட்டுமே கையிருப்பு என்றால் முதலாவது இயலும், இரண்டாவது இயலாது. வேகமானியின் முள்ளில் ஒரு விரற்கடை வேறுபாடு, வளைவதற்கும் வளையாமல் போவதற்கும் இடையே நிற்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நிறுத்துவதற்கு ஒரு பிடி, திருப்புவதற்கு வேறொரு பிடி என்று டயரிடம் இரண்டு கிடையாது. இருப்பது ஒரே பிடிதான். மாதச் சம்பளம் ஒன்று, அதில் வாடகையும் கொடுக்க வேண்டும், பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும் என்பது போன்றதே இதுவும். வளைவின் நடுவே பிரேக்கை மிதிப்பவர் திருப்புவதற்கு வைத்திருந்த பணத்தை எடுத்து நிறுத்துவதற்குச் செலவிடுகிறார். உலர்ந்த சாலையில் சம்பளம் தாராளமாக இருப்பதால் இரண்டும் நடந்துவிடும். மழையில் ஏதேனும் ஒன்று கைவிட்டுப்போகும். வளைவுக்கு முன்பே, நேரான பகுதியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள் என்று ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுவே.

முன்சக்கரங்களின் பிடி முதலில் தீர்ந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாது. நேரே வளைவின் வெளிப்புறம் நோக்கிச் செல்லும். அவ்வேளையில் மனிதர் இயல்பாகச் செய்வது ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பது. அது பிடியைக் கூட்டாது. ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டியரிங்கையும் சற்றுத் தளர்த்தினால் முன்சக்கரங்கள் மீண்டும் சாலையைப் பற்ற வாய்ப்புண்டு. பின்சக்கரங்களின் பிடி முதலில் தீர்ந்தால் கதை வேறு. வண்டியின் வால் வெளியே வீசும். கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள முற்படும். வால் எப்பக்கம் போகிறதோ அப்பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி நேர்செய்ய வேண்டும், அதுவும் அரை வினாடிக்குள். பழகியவர்க்கே அரிதான செயல் அது. இவ்விரண்டில் பின்வழுக்கே கொடியது என்பதை இங்கே நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் ஓரிடத்தில் இது தேவைப்படும்.

வழுவமைதி என்று தொடக்கத்தில் சொன்னோம் அல்லவா? டயரின் இயல்பில் அதற்கும் இடம் இருக்கிறது. சிறிதும் வழுக்காமல் உருளும் சக்கரம் நிறுத்தும் விசையைத் தராது. சக்கரத்தின் சுழற்சி காரின் வேகத்தைவிடப் பத்து முதல் இருபது விழுக்காடு பின்தங்கி, ரப்பர் சற்றே வழுவும்போதுதான் பெரும்பாலும் பிடி உச்சத்தை அடைகிறது. அதைக் கடந்து சக்கரம் முற்றிலும் பூட்டிக்கொண்டால் பிடி குறைவதோடு ஸ்டியரிங்கும் பயனற்றுப் போகிறது. 1978இல் பாஷ் நிறுவனம் உருவாக்கி மெர்சிடஸ் கார்களில் இடம்பெற்ற ஏ.பி.எஸ். கருவியின் வேலை, பூட்டிக்கொள்ளப் போகும் சக்கரத்தை விட்டு விட்டுப் பிடித்து, அந்த ஏற்கத்தக்க வழுவின் எல்லைக்குள் வைத்திருப்பதே. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயமாகிவிட்டது. மிக நல்ல கருவி. ஆயினும் அது இருக்கும் பிடியைச் சிக்கனமாகச் செலவிடும் கணக்கர் மட்டுமே. இல்லாத பிடியை உண்டாக்கும் வள்ளல் அன்று.

*

இதுவரை பேசியது மெல்லிய ஈரத்தின் கதை. சேலத்திலிருந்து கோவை நோக்கி வரும் அகன்ற நெடுஞ்சாலையில் அடைமழையின்போது செல்பவர்கள் வேறொரு கதையை அறிவார்கள். நீர் தேங்கிய இடத்தில் திடீரென்று ஸ்டியரிங் எடையற்றுப் போகும். எஞ்சின் ஒலி சற்று உயரும். கார் எதையும் தொடாமல் மிதப்பது போலிருக்கும். மிதப்பது போல் அன்று. உண்மையிலேயே அது நீரின்மேல் மிதக்கிறது.

டயர் விரைந்து வரும்போது எதிரே உள்ள நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். 80 கி.மீ. வேகத்தில், 2 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரில், 18 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு டயர் ஒதுக்க வேண்டிய நீர் வினாடிக்கு 8 லிட்டர். இரண்டு வினாடிக்கு ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளலாம்; நான்கு டயருக்கும் தனித்தனியே. இக்குடங்களைச் சுமந்து வெளியேற்றும் வாய்க்கால்களே டயரில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள். பட்டறைகளில் 'பட்டன்' என்று வழங்குவது அந்தப் பள்ளங்களுக்கு இடையே எழுந்து நிற்கும் பகுதியை. பட்டன் தேயத் தேய வாய்க்கால் ஆழம் குறையும். புதிய கார் டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும் ஆழம், முற்றிலும் தேய்ந்தால் ஒன்றுமில்லாமல் போகும். ஒதுக்கப்படாத நீர் டயருக்கு முன் ஆப்புப்போல் திரண்டு, வேகம் மிகும்போது டயரையே தூக்கிவிடும்.

எவ்வேகத்தில் தூக்கும்? அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் விமான டயர்களை ஆய்ந்து 1963இல் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார்கள். டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி அந்த வேகம் அமையும் என்பது அதன் சாரம். அதன்படி 32 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் மணிக்குச் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று இறங்கி 20 பி.எஸ்.ஐ. ஆகிவிட்டால் சுமார் 74 கி.மீ. வேகமே போதும். கார் டயரின் வடிவும் பள்ளமும் வேறாதலின் இவ்வெண்களை இலக்கணச் சூத்திரமாகக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் பஞ்சர் கடையில் ஐந்து நிமிடம் நின்று காற்றுப் பார்த்துக்கொள்ளாத சோம்பல் நம் பாதுகாப்பின் வேக எல்லையை இருபது கி.மீ. குறைத்துவிடும் என்பது கருதத்தக்கது. மிதக்கும் வேளையில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன் தரா. காலை மெல்ல எடுத்து, கைகளை நேரே வைத்து, டயர் மீண்டும் தரையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யாதிருத்தலே அவ்வேளையில் செய்யத்தக்க செயல்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? கார் முதலிய வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டரும் இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டரும் குறைந்தபட்சப் பள்ள ஆழமாக நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள் குறிக்கின்றன. பள்ளங்களின் அடியில் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். டயரின் பக்கவாட்டில் முக்கோணக் குறியோ ஆங்கில எழுத்துகளோ அவற்றின் இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அம்மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. ஈரச்சாலைப் பிடிக்கு டயர்கள் தர வேண்டிய அளவையும் 2022இல் நடுவண் அரசு அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் புதிய டயர் வடிவங்களுக்குக் கட்டாயமாக்கியது. புதிதாக விற்கப்படும் டயர் நல்லதாக இருக்க இது உதவும். தேய்ந்த டயரோடு ஓடும் வண்டியை நிறுத்த உதவுவது குனிந்து பார்க்கும் ஒரு மனிதர் மட்டுமே.

*

குனிந்து பார்த்த ஒருவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

2019 ஜூலையில் நமது துறையின் இறுதியாண்டு மாணவர் இருபத்தொருவரை வால்பாறைக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தோம். குறிஞ்சித் திணையைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்களுக்கு மலையையும் மழையையும், வாய்த்தால் வரையாட்டையும் காட்டுவது நோக்கம். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த வாரம் அது. வாடகைக்குப் பேசிய வேன் விடியற்காலை கல்லூரி வாயிலில் வந்து நின்றது. நமது தெருவில் வாழும் பெரியவர் ஒருவர், அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் மலைப்பாதைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், காலை நடையில் அவ்வழியே வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பின்சக்கரத்தருகே குனிந்து கையால் தடவினார்.

"தம்பி, இங்க வந்து பாருங்க. முன்னாடி ரெண்டும் புதுசு. பின்னாடி பட்டனே இல்லீங்க. வெயில் நாள்ல ஓட்டிக்கலாம். இந்த மழைக்கு ஆழியாறு தாண்டக்கூடாதுங்க."

புதிய டயர் இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றை முன்னால் போடுவதே நம் ஊர் வழக்கம். திருப்புவது முன்சக்கரம் அல்லவா என்பது அதற்குச் சொல்லும் காரணம். டயர் வல்லுநர்கள் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறானது. முன்பிடி நன்றாக இருந்து பின்பிடி இல்லையென்றால், ஈர வளைவில் முன்பகுதி திரும்பிக்கொள்ளும், பின்பகுதி திரும்பாமல் வீசியடிக்கும். மேலே கொடியது என்று நாம் குறித்த பின்வழுக்கு அதுவே. இறக்கத்தில் இன்னும் மோசம். எடை முன்னோக்கிச் சாய்வதால் பின்சக்கரங்களின் அழுத்தம் குறைகிறது. இவ்வளவும் நூல்களில் பின்னர் நாம் தேடிப் படித்தவை. பெரியவர் இவற்றைக் கையால் தடவியே சொன்னார்.

வண்டிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "சார், போன வாரங்கூட இதே டயர்ல மூணு டிரிப் மேல போயிட்டு வந்தோம். ஒண்ணும் ஆகலையே" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. வேறு வண்டிக்கு முயன்றோம், அவ்வேளையில் கிடைக்கவில்லை. பயணத்தை நிறுத்தினோம். முன்பணம் திரும்பி வரவில்லை. அடுத்து வந்த வாரங்களில் தேர்வுகள் நெருங்கிவிட்டதால் அந்த அணி மாணவர்களுக்கு அப்பயணம் வாய்க்கவேயில்லை.

அன்று மாலை இன்னொரு செய்தி வந்தது. அதே வேன் வேறொரு குழுவை ஏற்றிக்கொண்டு வால்பாறை சென்று, மழையில் நனைந்து, நலமாகத் திரும்பிவிட்டது. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவங்க எல்லாரும் நல்லபடியா போயிட்டு வந்துட்டாங்கய்யா" என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம் இருந்தது. வால்பாறை அவள் வாழ்நாளில் முதன்முறையாகச் செல்லவிருந்த மலை என்பதை நாம் அறிவோம்.

அவளுக்கு என்ன விடை சொல்வது? அவர்கள் திரும்பியது நமக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் திரும்பியதால் அந்த டயர் நல்ல டயர் ஆகிவிடுமா? அன்று ஏதேனும் ஒரு வளைவில் எதிரே ஒரு பேருந்து வந்திருந்தால், ஓட்டுநர் கால் சற்று அழுத்தி மிதித்திருந்தால், 0.4 தேவைப்பட்டு 0.3 மட்டுமே இருந்திருந்தால் என்று அடுக்கலாம். அவையெல்லாம் நிகழவில்லை. நிகழாத ஒன்றைச் சான்று காட்டி யாரையும் ஏற்கச் செய்ய இயலாது. செலவிடாமல் மிச்சம் வைத்த பிடி ஒருபோதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நல்ல டயரோடு மெதுவாகச் சென்று திரும்பியவரும், மொட்டை டயரோடு விரைந்து சென்று திரும்பியவரும் வீட்டு வாசலில் ஒரேபோல் இறங்குகிறார்கள். எச்சரிக்கையின் பயன் எதுவும் நடவாமையே. நடவாமைக்கு உருவம் இல்லை. ஆதலால் எச்சரிக்கை எப்போதும் கோழைத்தனமாகவே காட்சியளிக்கிறது.

அந்த மாணவியிடம் நாம் சொன்னது இவ்வளவே: "நூறு முறை வழுக்காத இடத்துல நூத்தியோராவது முறையும் வழுக்காதுன்னு சொல்ல நமக்குத் தெரியாதும்மா. அவங்களுக்குத் தெரியும், அவங்க சொல்ல நாம கேக்கலாம்." பெரியவரைக் கருதியே சொன்னோம். அவர் முப்பதாண்டுகள் அந்த மலையில் பேருந்து ஓட்டியவர். வழுக்கு நிலத்தில் ஊன்றுகோல் என்று வள்ளுவர் குறித்தது அத்தகையோரின் வாய்ச்சொல்லையே என்று நாம் எண்ணுகிறோம். அவள் தலையசைத்தாள், ஏற்றுக்கொண்டாள் என்று சொல்வதற்கில்லை.

*

அதன்பின் வண்டி பேசும்போது நாம் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. இருக்கை எத்தனை, ஏ.சி. உண்டா என்பன பின்னுக்குப் போயின. முந்தைய நாள் மாலையே வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறோம். பின்சக்கரங்களை முதலில் பார்க்கிறோம். பள்ளத்தின் அடிமேட்டை விரலால் தொட்டு, பட்டன் அதனினும் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அறிகிறோம். சட்டம் 1.6 மில்லிமீட்டர் என்றாலும் மழைக்கால மலைப்பயணத்துக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை ஏற்பதில்லை. ரப்பரில் வெடிப்பு உண்டா, நான்கிலும் காற்று ஒத்திருக்கிறதா, ஸ்டெப்னி உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். வண்டிக்காரர்கள் சிலர் சிரிப்பார்கள். ஒருவர், "ஏனுங் சார், நீங்க தமிழ் வாத்தியாரா, ஆர்.டி.ஓ.வா?" என்று கேட்டதும் உண்டு.

வடகிழக்குப் பருவமழையோ தென்மேற்கோ, உங்கள் ஊருக்கு எது பெருமழையோ, அதற்கு முன் ஒரு நாள் உங்கள் வண்டியருகே ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். உள்ளங்கை அளவான அந்த நான்கு இடங்களும் எப்படியிருக்கின்றன என்று தொட்டுப் பாருங்கள். மழையில் முன்வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை இருமடங்காக்குங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இவற்றைச் செய்ததால் காக்கப்பட்டோம் என்று பின்னொரு நாள் சொல்லிக்கொள்ள உங்களிடம் கதை எதுவும் இராது.